தன்பாலீர்ப்பாளர் மீது தாக்குதல் என்று செய்தி வந்தால் அன்றைக்கே நம்புவதா, காத்திருப்பதா?

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜனவரி கடைசியில் சிகாகோவில் ஜஸ்ஸி ஸ்மோலெட் என்ற நடிகர் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்ததே, பலருக்கும் நினைவிருக்கும். கறுப்பினத்தவர், தன்னை கே (ஆண்களை விரும்பும் ஆண்) என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். அதிகாலை இரண்டு மணி, எலும்பை உறைய வைக்கும் குளிர், முகத்தை மூடிய இரண்டு பேர் தன் நிறத்தையும் பாலீர்ப்பையும் சொல்லித் திட்டி அடித்தார்கள், கழுத்தில் கயிறு மாட்டினார்கள், மேலே ஏதோ ரசாயனத்தை ஊற்றினார்கள் என்று போலீசிடம் சொன்னார். செய்தி வந்த அன்றைக்கே நான் கொதித்துப்போய் ஃபேஸ்புக்கில் பெரிய பதிவு எழுதினேன். நான் மட்டுமா, கமலா ஹாரிஸ், கோரி புக்கர் போன்ற செனட்டர்களே இது இந்தக் காலத்து லிஞ்சிங் (கும்பல் சேர்ந்து அடித்துக் கொல்வது) முயற்சி என்று எழுதினார்கள். மூன்று வாரத்தில் போலீஸ் அவர் மேலேயே வழக்குப் போட்டது. தெரிந்த சகோதரர்கள் இரண்டு பேருக்கு 3,500 டாலர் செக் கொடுத்து இவரே நாடகம் நடத்தினார் என்றது.

அன்றைக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பெரியம்மா மகன் என் பதிவின் படத்தைப் போட்டு, "பாத்தீங்களா, இவங்க எல்லாரும் இப்படித்தான்" என்று எழுதினான். நாலைந்து பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள். என் தம்பியும் அந்தக் குழுவில் இருந்தான். அவன் கே என்பது வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அரை மணி நேரம் கழித்து அவன் பெயரோடு "வெளியேறினார்" என்று ஒரு வரி வந்தது. பரீட்சைக்குப் படிக்க வேண்டும், அதான் என்று அம்மாவிடம் சொன்னானாம்.

அதற்கப்புறம் எந்தச் செய்தி வந்தாலும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். 2021 ஜூலையில் ஸ்பெயினின் ஆ கொருன்யா ஊரில் சாமுவேல் லூயிஸ் என்ற 24 வயதுப் பையனை, நர்சிங் உதவியாளராக வேலை பார்த்தவனை, ஒரு கும்பல் அடித்தே கொன்றது. அப்போதும் காத்திருந்தேன். ஒரு வாரம் கழித்துத் தம்பி போனில், "அக்கா, அந்த ஸ்பெயின் பையன் விஷயம் பாத்தியா?" என்றான். "பாத்தேன்டா, இன்னும் முழு விவரம் வரல" என்றேன். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அந்த "சரி" இன்னும் காதில் நிற்கிறது.

இரண்டே மாதத்தில், செப்டம்பரில், அதே ஸ்பெயினில் மத்ரித் நகரின் மலசான்யா பகுதியில் ஒரு இளைஞரை எட்டு முகமூடி ஆட்கள் பட்டப்பகலில் பிடித்துக் கத்தியால் உடம்பில் வசைச்சொல்லைக் கீறினார்கள் என்று செய்தி. பிரதமர் வரைக்கும் கண்டித்தார். மூன்று நாளில் அந்த இளைஞரே, காயங்கள் என் சம்மதத்தோடு ஏற்பட்டவை, தாக்குதல் எதுவும் நடக்கவில்லை என்று போலீசிடம் மாற்றிச் சொல்லிவிட்டார்.

இப்போது சொல்லுங்கள், நான் என்ன செய்ய வேண்டும்? நம்பினால் ஒரு நாள் ஏமாறுகிறேன், நம்பாமல் இருந்தால் தம்பியை விட்டுவிடுகிறேன். உண்மையாகவே கேட்கிறேன், வழி தெரியவில்லை.

---

மேசைவிளக்கு:

வணக்கம் அம்மா. நான் ஒரு தமிழ் நாளிதழில் பல வருஷம் வெளிநாட்டுச் செய்தி டெஸ்கில் இருந்தவன், இப்போது ஓய்வு. உங்கள் கேள்வி எனக்கும் சொந்தக் கேள்விதான், அதனால் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2016 ஜூன் 12, ஞாயிற்றுக்கிழமை. ஃபுளோரிடா மாநிலம் ஆர்லாண்டோவில் பல்ஸ் என்ற கே இரவு விடுதியில் துப்பாக்கிச் சூடு. நம் நேரத்துக்கு மதியம் வாக்கில் ஏஜென்சி செய்தி வர ஆரம்பித்தது. முதலில் சுமார் 20 பேர் பலி என்றார்கள். அதற்குத் தலைப்பு போட்டுப் பக்கம் முடிப்பதற்குள் 50 என்று வந்தது. பிறகுதான் அதில் சுட்டவனும் ஒருவன், கொல்லப்பட்டவர்கள் 49 என்று தெளிவானது. எண்ணிக்கையே இப்படி மாறும்போது காரணம் மட்டும் மாறாமல் இருக்குமா? சுட்டவனின் அப்பா, இரண்டு ஆண்கள் முத்தமிட்டதைப் பார்த்து என் மகன் கோபப்பட்டான் என்றார். நான் அதை எடுத்துத் தலைப்பில் வைத்தேன். அடுத்த நாட்களில், அவனே ரகசியமாக கே, அந்த விடுதிக்கு அடிக்கடி வந்தவன் என்று சிலர் சொன்னார்கள். அதையும் போட்டோம். அதற்கு எந்த ஆதாரமும் எஃப்பிஐக்குக் கிடைக்கவில்லை. 2018இல் அவன் மனைவி மீது வழக்கு நடந்தபோது, அவன் முதலில் குறிவைத்தது டிஸ்னி ஸ்பிரிங்ஸ் வணிக வளாகத்தை, அங்கே காவல் பலமாக இருந்ததால் கைப்பேசியில் இரவு விடுதிகளைத் தேடி பல்ஸுக்கு வந்தான் என்று அரசுத் தரப்பே சொன்னது. அது கே விடுதி என்று தெரிந்து வந்தான் என்பதற்குச் சான்று எதுவும் நீதிமன்றத்துக்கு வரவில்லை.

இதனால் அந்த 49 பேரின் சாவு கொஞ்சமாவது குறைந்துவிட்டதா? இல்லை. அன்று அங்கே லத்தீன் இசை இரவு, இறந்தவர்களில் பெரும்பாலோர் லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர்கள். அந்த இடத்தைத் தங்களுடைய இடம் என்று நினைத்து வந்தவர்கள். அவர்களுக்காக அழுவதற்கு அவன் கைப்பேசியில் என்ன தேடினான் என்று தெரிய வேண்டியதே இல்லை. நான் தவறு செய்தது அழுததில் இல்லை, "இதனால்தான்" என்று அடித்து எழுதியதில்.

உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். தமிழில் "தாக்கப்பட்டார்" என்பதற்கும் "தாக்கப்பட்டதாக" என்பதற்கும் நடுவில் இருப்பது கொஞ்சூண்டு எழுத்துதான். அந்த "தாக"வில்தான் ஒரு நிருபரின் மொத்த நேர்மையும் இருக்கிறது. ஏஜென்சி செய்தியில் "போலீசிடம் அவர் கூறியதாவது" என்று ஒழுங்காக இருக்கும். ஆனால் தலைப்புக்கு இரண்டு பத்தி அகலம்தான் கிடைக்கும், எழுத்து பெரிதாக வர வேண்டும், முதலில் வெட்டுப்படுவது அந்தத் "தாக". நானே எத்தனையோ இரவு வெட்டியிருக்கிறேன். காலையில் வாசகர் பார்ப்பது "நடிகர் மீது கொடூரத் தாக்குதல்". ஸ்மோலெட் செய்தியில் முதல் நாள் உண்மையில் இருந்தது, அவர் ஒரு புகார் கொடுத்தார், போலீஸ் அதை வெறுப்புக் குற்றமாக இருக்கலாம் என்று விசாரிக்கிறது, அவ்வளவுதான். செய்தியைப் படிக்கும்போது அந்த வெட்டுப்பட்ட "தாக"வை நீங்களே மனதுக்குள் திரும்பப் போட்டுப் படியுங்கள். யார் சொன்னது, பார்த்தவரா, கேட்டவரா, புகார் கொடுத்தவரா, போலீசா?

தம்பியிடம் பேசுவதற்கு மட்டும் எந்த விவரத்துக்கும் காத்திருக்க வேண்டாம் அம்மா.

---

ஒற்றைப்பனை:

நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு தன்பாலீர்ப்பாளர் மேல் எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் தீர்ப்பு வரும்வரை நான் எதையும் பகிர்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். காரணம் நிலாமுற்றம் சொன்ன அதே விஷயம்தான். ஒரு பொய்ப் புகார் வெளியே வந்தால் அடுத்த பத்து உண்மைப் புகாரை எவனும் நம்ப மாட்டான். அவசரப்பட்டுப் பகிர்கிற நாம்தான் அந்தப் பெரியம்மா மகன் மாதிரி ஆட்களுக்குக் கையில் கல்லை எடுத்துக் கொடுக்கிறோம். கோர்ட் சொல்லட்டும், அப்புறம் பேசலாம்.

---

பாரமட்டா_வாசி:

ஒற்றைப்பனை அண்ணே, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நான் இருக்கும் ஊரின் கதையைக் கேட்டுவிட்டு இதையே திரும்பச் சொல்வீர்களா என்று பார்க்கிறேன்.

சிட்னிக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. மேன்லிக்குப் பக்கத்தில் நார்த் ஹெட் என்று ஒரு முனை, கடலுக்கு மேலே செங்குத்தான பாறை, நாங்கள் குடும்பத்தோடு திமிங்கிலம் பார்க்கப் போகும் இடம். 1988 டிசம்பரில் அந்தப் பாறைக்குக் கீழே ஸ்காட் ஜான்சன் என்ற அமெரிக்க மாணவரின் உடல் கிடந்தது. 27 வயது, கணிதத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், கே. உடைகள் மேலே மடித்து வைத்தபடி இருந்தன, பர்ஸைக் காணோம். போலீஸ் சீக்கிரமே முடிவுக்கு வந்துவிட்டது, தற்கொலை என்று. 1989இல் மரண விசாரணை நீதிமன்றமும் அதையே சொன்னது. அண்ணே, நீங்கள் சொல்கிற "கோர்ட் சொல்லட்டும்" இங்கே நடந்தது. கோர்ட் சொல்லிவிட்டது. அது தவறாகச் சொல்லிவிட்டது.

அவருடைய அண்ணன் ஸ்டீவ் ஜான்சன் விடவில்லை. 2012இல் இரண்டாவது விசாரணை, அது எப்படி இறந்தார் என்று முடிவு சொல்லாமல் திறந்தே வைத்தது. 2017இல் மூன்றாவது விசாரணை, அப்போதுதான் அவர் கே என்று நினைத்தவர்களின் வன்முறையாலோ, வன்முறைக்குப் பயந்தோ பாறையிலிருந்து விழுந்து இறந்தார் என்று தீர்ப்பு. 2020இல் ஒருவர் கைது. 2023இல் அவர் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒன்பது ஆண்டு தண்டனை பெற்றார். 1988இலிருந்து கணக்குப் போடுங்கள்.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. 80களிலும் 90களிலும் இங்கே விடலைப் பையன்கள் கும்பலாகச் சேர்ந்து, கே ஆண்கள் சந்தித்துக்கொள்ளும் பூங்காவுக்கும் கடற்பாறைக்கும் அடிப்பதற்கென்றே போவார்கள், அதை ஒரு விளையாட்டு போல. சிட்னியின் பாண்டை கடற்கரைக்குப் பக்கத்தில் 1989இல் ஜான் ரஸ்ஸல் என்பவரின் உடல் பாறைக்கடியில் கிடந்தபோது அவர் கையில் வேறு யாருடையதோ தலைமுடி ஒட்டியிருந்தது. அதைப் போலீஸ் தொலைத்துவிட்டது. தவறி விழுந்தவர்தானே என்ற நினைப்பு இருந்தால் ஒரு முடியை யார் பத்திரப்படுத்துவார்கள்? 2005இல்தான் ஒரு மரண விசாரணை அதிகாரி இது கொலை என்று சொல்லி, விசாரணை நடந்த லட்சணத்தைக் கடுமையாகக் கண்டித்தார். 2023 டிசம்பரில் நீதிபதி ஜான் சாக்கரின் விசாரணை ஆணையம் இந்தப் பழைய சாவுகளைப் பற்றிப் பெரிய அறிக்கை கொடுத்தது, அடுத்த ஆண்டு மாநிலக் காவல்துறை ஆணையர் மன்னிப்புக் கேட்டார்.

நான் சொல்ல வருவது இதுதான். "வெறுப்புத் தாக்குதல்" என்று முதல் நாளே சொல்வது அவசரம் என்றால், "தற்கொலை", "தவறி விழுந்தார்", "குடிபோதைத் தகராறு" என்று முதல் நாளே சொல்வதும் அதே அவசரம்தான். அது மட்டும் நிதானம் மாதிரி நம் கண்ணுக்குத் தெரிகிறது. சிட்னியில் அந்த நிதானம் முப்பது வருஷத்துக்கு மேல் ஆட்களைத் தப்பிக்க விட்டது. குடும்பத்தோடு திமிங்கிலம் பார்க்கப் போகும்போது இப்போதெல்லாம் அந்தக் கம்பி வேலிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன், குழந்தைகளுக்கு ஏன் என்று தெரியாது.

---

மேசைவிளக்கு:

பாரமட்டா தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். என் முந்தைய பதிவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். புகார் கொடுத்தவர் பேச்சுக்கு நாங்கள் "தாக" போட வேண்டும் என்று இத்தனை பேசினேனே, போலீஸ் அறிக்கைக்கு என் டெஸ்கில் நாங்கள் ஒரு நாளும் "தாக" போட்டதில்லை. "தற்கொலை செய்துகொண்டதாகப் போலீசார் கூறினர்" என்று வந்தால் "வாலிபர் தற்கொலை" என்று தலைப்பு, முடிந்தது. சீருடை போட்டவர் சொன்னால் அது நடந்த விஷயம், அடிபட்டவர் சொன்னால் அது புகார். இதே கை இரண்டையும் எழுதியிருக்கிறது.

ஒற்றைப்பனைக்கும் ஒன்று. ஸ்மோலெட் விஷயத்திலேயே தீர்ப்பு எங்கே போய் நின்றது பாருங்கள். 2019 மார்ச்சில் ஒரு உடன்பாட்டின்படி அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது, அவர் 10,000 டாலர் ஜாமீன் பணத்தை விட்டுக்கொடுத்தார். பிறகு சிறப்பு வழக்கறிஞர் வந்து மறுபடி வழக்குப் போட்டு, 2021 டிசம்பரில் ஜூரி (பொதுமக்கள் அடங்கிய நடுவர் குழு) ஆறில் ஐந்து குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்றது. 2024 நவம்பரில் இலினாய் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முதலில் போட்ட உடன்பாட்டை அரசு மீறி மறுபடி வழக்குப் போட்டது தவறு என்றதே தவிர, அந்த இரவில் என்ன நடந்தது என்று அது சொல்லவில்லை. அவர் இன்றுவரை நான் பொய் சொல்லவில்லை என்றே சொல்கிறார். ஜூரி முன்னால் வந்த சாட்சியத்தைப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அவர் சொல்வதில் நம்பிக்கை இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் சட்டப்படி இன்று அவர் மேல் அந்தத் தீர்ப்பு இல்லை.

சாமுவேல் லூயிஸ் வழக்கு இன்னும் நுணுக்கமானது. அவன் கடற்கரைச் சாலையில் தோழியோடு நின்று ஒருவரிடம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தான். தங்களைப் படம் எடுக்கிறான் என்று நினைத்து ஒருவன் பாய்ந்தான். "மரிகோன்" என்று வசை வந்தது. அது கே ஆண்களை இழிவாகச் சொல்லும் சொல், ஆனால் அங்கே யாரைத் திட்டவும் சாதாரணமாக வாயில் வரும் சொல்லும்தான். அதனால் ஆரம்பத்தில் போலீஸ் காரணம் எதையும் உறுதி செய்யாமல் இருந்தது, அவன் பாலீர்ப்பு எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று எதிர்த்தரப்பும் வாதாடியது. 2024 நவம்பரில்தான் ஜூரி முடிவு சொன்னது. நான்கு பேர் குற்றவாளிகள், ஆனால் பாலீர்ப்பு காரணமான வெறுப்பு என்பது ஒருவன் விஷயத்தில் மட்டும்தான் நிரூபணம் என்றார்கள். அவனுக்கு 24 ஆண்டு. ஒரே கொலை, ஒரே இரவு, அதிலேயே ஒருவனுக்கு ஒரு காரணம், மற்றவனுக்கு இன்னொன்று. இந்த நுணுக்கம் முதல் நாள் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. ஆனால் ஒரு பையனைக் கும்பலாக அடித்துக் கொன்றார்கள் என்பதும், அடிக்கும்போது அந்தச் சொல்லைச் சொன்னார்கள் என்று அவன் தோழி சொல்கிறாள் என்பதும் முதல் வாரமே தெரியும். அதை அப்படியே எழுதியிருக்கலாம், எழுதினால் ஒரு எழுத்தும் பின்னால் திரும்பப் பெற வேண்டியிருக்காது.

---

ஒற்றைப்பனை:

சிட்னி விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. கோர்ட்டே தவறாகச் சொன்ன பிறகு நான் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பகிர்வதில் எனக்குத் தயக்கம் போகவில்லை, அதை உடனே மாற்றிக்கொண்டேன் என்று சொன்னால் பொய். மலசான்யா மாதிரி இன்னொன்று வந்தால் அடி வாங்கப்போவது நிலாமுற்றத்தின் தம்பிதானே, அந்தப் பயம்தான்.

---

பாரமட்டா_வாசி:

அந்தப் பயம் நியாயம் அண்ணே. ஆனால் மலசான்யாவில் ஒன்று கவனித்தீர்களா? அந்த இளைஞர் மாற்றிச் சொன்ன அதே நாள் மாலை மத்ரித்தில் கண்டனக் கூட்டம் நடக்கவிருந்தது. ரத்து செய்யவில்லை, ஆட்கள் வந்தார்கள். சாமுவேல் செத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அவர்களுக்குக் கூடுவதற்கு அந்த ஒரு புகார் மட்டும் காரணமில்லை. ஒரே ஒரு சம்பவத்தின் மேல் முழு பாரத்தையும் ஏற்றி வைத்தால்தான் அது சரியும்போது எல்லாம் சரியும்.

---

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவே இந்த இழையைத் தம்பிக்கு அனுப்பினேன், அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுத்தான். இன்று காலை அவனே கூப்பிட்டான்.

சாமுவேல் கதையில் எனக்குத் தெரியாத ஒன்றை அவன் சொன்னான். அன்று இரவு சாலையில் அத்தனை பேர் இருந்தும் குறுக்கே விழுந்து தடுத்தது இரண்டு பேர்தான், செனகலிலிருந்து வந்தவர்கள், இப்ராஹிமா டியாக் என்றும் மகத்தே என்றும் பெயர் சொன்னான். அவர்களும் அடி வாங்கியிருக்கிறார்கள். பிறகு கோர்ட்டில் வந்து சாட்சியும் சொன்னார்களாம். 2021இலேயே இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தானாம். "உன்கிட்ட சொல்லத்தான் அன்னைக்குக் கேட்டேன்கா, நீ விவரம் வரலன்ன" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முழு விவரத்துக்கு நான் காத்திருந்தேன், விவரம் முழுக்க அவனிடம் இருந்திருக்கிறது.

குடும்பக் குழுவுக்கு அவன் திரும்ப வருவதாக இல்லை, நான் வற்புறுத்தவும் இல்லை. பெரியம்மா மகனிடம் நான் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. ஸ்மோலெட்டை நம்பியது என் தவறு என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, அப்புறம் "எல்லாரும்" என்று எழுதினாயே, அதைப் பற்றிக் கேட்கப்போகிறேன்.

மேசைவிளக்கு ஐயா, அந்தத் "தாக" விஷயத்தை இனி மறக்க மாட்டேன். பாரமட்டா அண்ணா, நீதிபதி சாக்கர் அறிக்கையில் இருக்கும் மற்ற சாவுகளைப் பற்றியும் முடிந்தால் தனி இழை போடுங்கள். தம்பியும் படிக்க வேண்டும் என்கிறான்.